லண்டனிலிருந்து பாரிஸ்: விமானமா, ரயிலா, காரா, பஸ்ஸா?

ஹீத்ரோவிலிருந்து பாரிஸின் ஷார்ல் து கோல் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 348 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஒரு மணி இருபது நிமிடம் என்று போட்டிருக்கும். அதிலும் விமானம் ஆகாயத்தில் இருப்பது முக்கால் மணி, மிஞ்சினால் ஐம்பது நிமிடம். கடலடிச் சுரங்கம் வழியாகப் போகும் யூரோஸ்டார் ரயில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் 2 மணி 16 நிமிடம் எடுக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “விமானம்தானே சீக்கிரம், அப்புறம் ஏன் எல்லாரும் ரயிலையே சொல்கிறார்கள்?” என்று கேட்பவர்கள் நிறைய. கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நடக்கும் தேர் என்று லண்டன் தமிழர்களுக்குப் பாரிஸ் போக ஏதாவது ஒரு காரணம் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இதே குழப்பம்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 348 கிலோமீட்டரும் ஒரு மணி இருபது நிமிடமும் இந்த முடிவில் கடைசியாகப் பார்க்க வேண்டியவை. லண்டனில் எந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள், பாரிஸில் எந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும், எத்தனை பேர், எத்தனை பெட்டி, கையில் என்ன பாஸ்போர்ட் என்பதைச் சொல்லுங்கள், பதில் தானாக வந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது?

முதலாவது, வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் நேரம். உங்கள் வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து அங்கே அழைப்பு மணியை அழுத்துவது வரை. விமான நேரம், ரயில் நேரம் என்பதெல்லாம் இதில் ஒரு துண்டுதான்.

இரண்டாவது, மொத்தச் செலவு. டிக்கெட்டோடு பெட்டிக் கட்டணம், விமான நிலையம் போய்வரும் செலவு, சுங்கச்சாவடி, பார்க்கிங் எல்லாம் சேர்த்து.

மூன்றாவது, சுமை. கல்யாண வீட்டுக்குப் போகிறவர் கைப்பையோடு போவதில்லை.

நான்காவது, எல்லைச் சோதனை எங்கே, எப்போது நடக்கிறது என்பது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதிலிருந்து இது பெரிய விஷயமாகிவிட்டது.

ஐந்தாவது, ஏதாவது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பது. தாமதம், ரத்து, மனம் மாறித் தேதியை மாற்றுவது எல்லாம் இதில் அடக்கம்.

## விமானம்

விமான நேரத்தில் ஒரு சின்ன மாயம் உண்டு. அட்டவணையில் இருக்கும் ஒரு மணி இருபது நிமிடம் என்பது, விமானம் ஒரு நிலையத்தின் நிறுத்தத்திலிருந்து நகரத் தொடங்கி அடுத்த நிலையத்தின் நிறுத்தத்தில் வந்து நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் மறுபடி ஊர்வது எல்லாம் அதற்குள் வரும். ஷார்ல் து கோலில் நான்கு ஓடுபாதைகள். தூரத்து ஓடுபாதையில் இறங்கினால் ‘வந்துவிட்டோம்’ என்று நினைத்த பிறகும் நெடுநேரம் உருண்டுகொண்டிருக்கும். திரும்பி வரும்போது ஹீத்ரோ நெரிசலில் பிகின் ஹில் பக்கம் வானத்தில் வட்டமடிக்க வைப்பதும் வழக்கம். அதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் முக்கால் மணிப் பறத்தலுக்கு ஒன்றேகால் மணிக்கு மேல் ஒதுக்குகிறார்கள்.

நேர வித்தியாசம் வேறு குழப்பும். பாரிஸ் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை 9 மணிக்கு லண்டனில் ஏறினால் 11.20க்கு இறங்குவதாகத் தெரியும். வரும்போது 9 மணிக்கு ஏறினால் 9.20க்கே இறங்கிவிடலாம் போலிருக்கும். இரண்டும் ஒரே பயண நேரம்தான். மாலையில் லண்டன் வந்து இறங்கி அடுத்த வேலைக்கு ஓட வேண்டியவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் உண்மையிலேயே லாபம். ரயிலுக்கும் அது பொருந்தும்.

இனி மறைந்திருக்கும் நேரத்துக்கு வருவோம். இரண்டு மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள். பெட்டி போடாமல், இணையத்திலேயே செக்-இன் செய்துவிட்டு வருபவர் ஒன்றரை மணியில் சமாளிக்கலாம். பாரிஸில் இறங்கியபின் குடிவரவு வரிசை. ஐரோப்பியப் பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யும் புதிய நுழைவுப் பதிவு முறை 2025 அக்டோபர் 12இல் தொடங்கியது. முதல் முறை பதிபவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். பெட்டி வரும்வரை நிற்பது தனி. அதன்பின் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில், யூரோஸ்டாரும் வந்து நிற்கும் பாரிஸின் கார் து நோர் நிலையம் வரை சுமார் அரை மணி.

அந்த ரயில் மலிவும் இல்லை. 2025 தொடக்கத்தில் விமான நிலையத்துக்கு ஒரே விலை என்று 13 யூரோ வைத்தார்கள். அதே நேரத்தில் சாதாரண மெட்ரோ டிக்கெட் 2.50 யூரோதான். பராமரிப்பு வேலைக்காக இரவுகளிலும் கோடையின் சில வார இறுதிகளிலும் விமான நிலையப் பகுதியில் ரயிலை நிறுத்தி, பதிலுக்குப் பஸ் விடுவதும் உண்டு. நள்ளிரவில் இறங்குபவர் டாக்ஸிதான் பிடிக்க வேண்டும். கார் து நோர் இருக்கும், சேன் நதியின் வலது கரைக்கு 2025இல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் 56 யூரோ. ஆனால் அது பாரிஸ் நகருக்குள் போவதற்கு மட்டும். நம் சொந்தக்காரர்கள் பலர் இருக்கும் புறநகர்களுக்கு மீட்டர்தான்.

டிக்கெட் விலையிலும் பிரித்துப் பார்க்க வேண்டியவை உண்டு. மலிவு விமான நிறுவனங்களின் அடிப்படை விலையில் இருக்கைக்கு அடியில் நுழையும் சின்னப் பை மட்டும்தான். ஈஸிஜெட்டில் அதன் அளவு 45×36×20 சென்டிமீட்டர். பட்டுச் சேலை நான்கும் பரிசுப் பொருளும் அதற்குள் அடங்காது. பெட்டிக்குத் தனிக் காசு, அது சில நாள் டிக்கெட்டையே மிஞ்சும். பிரிட்டனிலிருந்து புறப்படும் குறுந்தூர விமானங்களுக்குச் சாதாரண வகுப்பில் 13 பவுண்டு பயணிகள் வரி இருந்தது; 2026 ஏப்ரலிலிருந்து 15. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அது கிடையாது. வரி டிக்கெட் விலைக்குள்ளேயே வந்துவிடும் என்பதால் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் யாராவது காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டால் அதற்கும் கட்டணம். ஹீத்ரோவில் 2021 நவம்பரில் 5 பவுண்டில் ஆரம்பித்தார்கள், அதன்பின் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

விமானத்துக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தாமதத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் பலமானது. 1500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்தில் நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், லண்டனிலிருந்து கிளம்பினால் 220 பவுண்டு, பாரிஸிலிருந்து என்றால் 250 யூரோ. டிக்கெட் விலை எவ்வளவு என்பது கணக்கில்லை. மோசமான வானிலை, வான்வழிக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு இது கிடைக்காது. பிரான்ஸில் அந்த வேலைநிறுத்தம் அடிக்கடி வரும் விருந்தாளி.

எந்த விமான நிலையம் என்பதையும் பாருங்கள். லண்டன் பக்கம் ஹீத்ரோ, கேட்விக், லூட்டன் என்று வரும். பாரிஸ் பக்கம் ஷார்ல் து கோல் வடக்கே, ஓர்லி தெற்கே. ‘பாரிஸ் பொவே’ என்று கண்ணில் பட்டால் நிதானியுங்கள். அது நகரிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ்ஸிலேயே ஒன்றேகால் மணி போய்விடும்.

## யூரோஸ்டார் ரயில்

தண்டவாளத்தில் லண்டன் செயின்ட் பான்க்ராஸ் முதல் பாரிஸ் கார் து நோர் வரை 492 கிலோமீட்டர். நேர்கோட்டைவிட நூற்றைம்பது கிலோமீட்டருக்கு நெருக்கமாகக் கூட. மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடித்தான் அதை ஈடுகட்டுகிறது. ஐம்பது கிலோமீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் மட்டும் வேகம் 160. அதில் சுமார் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். உள்ளே இருபது நிமிடம் இருட்டு, அவ்வளவுதான். கடலுக்கு அடியில் போகிறோம் என்று எதிர்பார்த்து ஜன்னலோரம் உட்காரும் பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம்.

சேவை 1994 நவம்பரில் தொடங்கியபோது லண்டனில் வாட்டர்லூதான் நிலையம். 2007 நவம்பரில் செயின்ட் பான்க்ராஸுக்கு மாறியது, அதோடு இங்கிலாந்துப் பக்கமும் அதிவேகப் பாதை முழுமையானது. அந்த மாற்றம் கிழக்கு லண்டன்காரர்களுக்கு வரப்பிரசாதம். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைனில் ஏறினால் மாறாமல், செயின்ட் பான்க்ராஸை ஒட்டிய கிங்ஸ் கிராஸ். வெம்ப்ளி, ஹாரோவிலிருந்து மெட்ரோபாலிட்டன் லைன். டூட்டிங்கிலிருந்து நார்தர்ன் லைன். குரோய்டனிலிருந்து தேம்ஸ்லிங்க் நேரடியாக. தமிழர்கள் அதிகம் வாழும் இந்தப் பகுதிகளிலிருந்தெல்லாம் ரயில் மாறாமல் வந்துவிடலாம். ஸ்ட்ராட்ஃபோர்டில் ‘இன்டர்நேஷனல்’ என்று பெயர்ப் பலகை இருப்பதைப் பார்த்து அங்கே ஏறலாம் என்று நம்ப வேண்டாம். அங்கே யூரோஸ்டார் நிற்பதில்லை. கென்ட்டில் எப்ஸ்ஃப்ளீட், ஆஷ்ஃபோர்ட் நிலையங்களில் முன்பு நின்றது. 2020இல் நிறுத்தியவர்கள் இன்னும் தொடங்கவில்லை.

ரயிலின் உண்மையான பலம் எல்லைச் சோதனையில் இருக்கிறது. பிரெஞ்சு எல்லைப் போலீஸ் செயின்ட் பான்க்ராஸிலேயே உட்கார்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் குடிவரவு கார் து நோரிலேயே முடிந்துவிடும். எல்லா வரிசையும் ஏறுவதற்கு முன்பே. இறங்கினால் நேராக நடந்து வெளியே போகலாம். விசா, பாஸ்போர்ட்டில் ஏதாவது சிக்கல் என்றால் நீங்கள் இன்னும் லண்டனில்தான் இருப்பீர்கள், வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அதே சிக்கல் பாரிஸ் விமான நிலையத்தில் வந்தால், காத்திருப்பு மண்டலத்தில் உட்கார வைத்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள். ஆவணம் பற்றிக் கொஞ்சமாவது சந்தேகம் உள்ளவர்களுக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட் கொடுத்த தேதியிலிருந்து, நீங்கள் பிரான்ஸுக்குள் நுழையும் நாளில், பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் செல்லுபடியாகவும் இருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகள் சிலவற்றில் பத்து வருடத்துக்கு மேல் சில மாதங்கள் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். கடைசித் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள் வாசலிலேயே நின்றார்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் பிரிட்டனில் வதிவிட உரிமை இருந்தாலும் ஷெங்கன் விசா தனியாக வேண்டும். பிரான்ஸ் வதிவிட அட்டையோடு லண்டன் வருபவர்களுக்கும் பிரிட்டிஷ் விசா வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு 2025 ஏப்ரல் 2 முதல் முன்கூட்டிய மின்னணு அனுமதி தேவை. பாரிஸ் சொந்தங்களுக்கு இதை நினைவுபடுத்துங்கள், மறந்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

சுமைக்கு வருவோம். சாதாரண வகுப்பிலேயே 85 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள இரண்டு பெட்டி, கூட ஒரு கைப்பை. எடைக்கு வரம்பில்லை, நீங்களே தூக்க முடிந்தால் போதும். திரவத்துக்கு நூறு மில்லி கட்டுப்பாடும் இல்லை. நல்லெண்ணெய்ப் போத்தல், ஊறுகாய் எல்லாம் பயமில்லாமல் போகும். ஆனால் பால், இறைச்சி சேர்ந்த எதையும் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. நெய்யும் அதில் அடங்கும். பச்சையாகக் கறிவேப்பிலை, முருங்கைக்கீரை கொண்டுபோகவும் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அது தேவையில்லை. தாம்பூலத்துக்குத் தேங்காய் கொண்டுபோக நினைப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம். அதையும் லா சப்பலிலேயே வாங்கலாம் என்பது வேறு கதை. இந்த உணவு விதிகள் விமானம், கார், பஸ் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

குறைகளும் உண்டு. பெரிய குறை விலை. முன்கூட்டியே எடுத்தால் ஒரு வழிக்கு நாற்பது, ஐம்பது பவுண்டில் கிடைக்கும். கடைசி வாரத்தில், அதுவும் வெள்ளிக்கிழமை மாலைக்கு, இருநூறைத் தாண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு அது சிரிப்பதற்கில்லை. நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டாம் என்றால் டிக்கெட் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். இன்னொரு குறை, ரயில் என்ற பெயரை நம்பிப் பத்து நிமிடம் முன்னால் ஓடி வர முடியாது. சோதனை வாசல் அரை மணி முன்னாலேயே மூடிவிடும். ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி முன்னால் வருவதுதான் சரி. விடுமுறைக் காலையில் செயின்ட் பான்க்ராஸின் அந்தக் காத்திருப்புக் கூடத்தில் நிற்க இடம் இருக்காது.

தாமத இழப்பீடும் விமானத்தைவிடக் குறைவு. ஐரோப்பிய ரயில் விதிப்படி ஒரு மணிக்கு மேல் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணிக்கு மேல் 50 சதவீதம். ஒரே சுரங்கம் என்பதால் ஒரு கோளாறு வந்தால் மொத்தமும் நிற்கும். 2009 டிசம்பர் பனியில் ரயில்கள் சுரங்கத்துக்குள்ளேயே நின்றன. 2025 மார்ச் 7இல் பாரிஸுக்கு வெளியே தண்டவாளத்தருகே இரண்டாம் உலகப்போர் காலத்துக் குண்டு ஒன்று கிடைத்ததால் அன்றைய பாரிஸ் சேவையே ரத்து. அதற்காக விமானம் பத்திரம் என்று சொல்லிவிடவும் முடியாது. அதே மார்ச் 21இல் பக்கத்து மின்நிலையத் தீயால் ஹீத்ரோ ஒரு நாள் முழுக்க மூடிக்கிடந்தது.

## கார்

இருவராகப் போக இது வேண்டாம். நான்கு, ஐந்து பேர் என்றால் கணக்கு அப்படியே தலைகீழாகும், ஏனென்றால் கடலைக் கடக்கும் கட்டணம் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. லண்டனிலிருந்து ஃபோக்ஸ்டோன் போய் லெ ஷட்டில் ரயிலில் காரோடு ஏறினால் 35 நிமிடத்தில் பிரான்ஸ். ஒரு வண்டியில் ஒன்பது பேர் வரை போகலாம். டோவரிலிருந்து கலே வரை கப்பல் மலிவு, சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பாரிஸ் சுமார் 290 கிலோமீட்டர் நெடுஞ்சாலை, மூன்று மணி நேரம். எல்லாம் சேர்த்து ஆறு மணிக்குக் குறையாது, பிள்ளைகள் இருந்தால் ஏழு.

மறைந்திருக்கும் செலவுகள் பாரிஸில்தான் பல்லைக் காட்டும். சுங்கம் இருபது யூரோ சொச்சம், அது பரவாயில்லை. பார்க்கிங்தான் கொடுமை. 2024 அக்டோபர் முதல் 1.6 டன்னுக்கு மேல் எடையுள்ள பெட்ரோல், டீசல், ஹைபிரிட் வண்டிகளுக்கு வெளியூர்க்காரர்களிடம் பாரிஸ் மும்மடங்கு வசூலிக்கிறது. மையப் பகுதியில் மணிக்கு 18 யூரோ, வெளிவட்டப் பகுதிகளில் 12. லா சப்பல் கடைத்தெருவான ஃபோபூர் சென் தெனி பத்தாவது வட்டாரத்தில் இருக்கிறது. அது பதினெட்டு யூரோப் பகுதி. ஏழு இருக்கை வண்டியைக் கொண்டுவந்து இரண்டு மணி நேரம் மளிகை வாங்கினால் மளிகையைவிடப் பார்க்கிங் அதிகமாகிவிடும். வண்டியைப் புறநகர்ச் சொந்தக்காரர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு மெட்ரோவில் போங்கள். சுற்றுச்சாலையில் வேக வரம்பு 2024 அக்டோபரில் மணிக்கு 50 கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது, கேமரா விடாது. மாசுக் கட்டுப்பாட்டு ஸ்டிக்கர் விதி அன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கிளம்புமுன் பாருங்கள். எல்.பி.ஜி.யில் ஓடும் கார் என்றால் லெ ஷட்டிலில் ஏற்றமாட்டார்கள், கப்பல்தான்.

அப்படியிருந்தும் கல்யாண வீட்டுக்குப் போகும் பெரிய குடும்பத்துக்குக் கார்தான் வசதி. மண்டபம் பெரும்பாலும் புறநகரில், கடைசி ரயில் போனபின்தான் விருந்து முடியும். அட்டியல், மாலை, உடுப்பு, தூங்கும் குழந்தை எல்லாவற்றையும் வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

## பஸ்

விக்டோரியா கோச் நிலையத்திலிருந்து பாரிஸ் பெர்சி வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம். ஃபிளிக்ஸ்பஸ், பிளாபிளாகார் இரண்டும் ஓடுகின்றன. இருபது, முப்பது பவுண்டுக்குள் முடிந்துவிடும். ராத்திரிப் பஸ்ஸில் ஏறினால் ஒரு இரவு ஓட்டல் காசு மிச்சம் என்பது படிக்கும் பிள்ளைகளின் கணக்கு. நடு ராத்திரியில் எல்லைச் சோதனைக்கு எல்லாரையும் இறக்குவார்கள் என்பதால் அது தூக்கம் என்று சொல்ல முடியாது. முதியவர்களை இதில் அனுப்பாதீர்கள்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | விமானம் | யூரோஸ்டார் | கார் | பஸ் |
|---|---|---|---|---|
| அட்டவணை நேரம் | 1 மணி 20 நிமிடம் | 2 மணி 16 நிமிடத்திலிருந்து | – | 8–10 மணி |
| வாசலிலிருந்து வாசல் | 4½–6 மணி | 4½–5¼ மணி | 6–7 மணி | 10–12 மணி |
| விலை எப்படி | ஆளுக்கு, பெட்டிக்குத் தனி | ஆளுக்கு, பெட்டி சேர்த்து | வண்டிக்கு | ஆளுக்கு, மிக மலிவு |
| பெட்டி | காசு கட்டினால் | இரண்டு பெட்டி, எடை வரம்பில்லை | வண்டி கொள்ளுமட்டும் | அளவாக |
| நுழைவுச் சோதனை | இறங்கியபின் | ஏறுமுன் | கடலைக் கடக்குமுன் | கடலைக் கடக்குமுன் |
| மறைந்திருப்பது | விமான நிலையம் போய்வரும் செலவு, பெட்டி | கடைசி நேர விலை | பார்க்கிங், சுங்கம், களைப்பு | தூக்கம் |

## மூன்று வீடுகளின் கணக்கு

அட்டவணையில் விமானத்துக்கு நாலரை முதல் ஆறு வரை என்று அகலமாகப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. விமானத்தில் 110 நிமிடக் காத்திருப்பும் 45 நிமிடக் குடிவரவும், ரயிலில் 75 நிமிடக் காத்திருப்பும் 140 நிமிட ஓட்டமும் என்று பொதுவாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து லா சப்பலுக்கு. ரயில் என்றால் கிங்ஸ் கிராஸுக்கு 40 நிமிடம், காத்திருப்பு, ஓட்டம், கார் து நோரிலிருந்து பத்து நிமிட நடை. மொத்தம் நாலரை மணிக்குள். ஹீத்ரோ வழியாக என்றால் அங்கே போகவே ஒன்றேகால் மணிக்கு மேல், காத்திருப்பு, பறப்பது, குடிவரவு, ஆர்.இ.ஆர். எல்லாம் கூட்டினால் ஆறு மணி. இதில் யோசிக்கவே வேண்டாம்.

ஹாரோவிலிருந்து லு புர்ஜேக்கு. ரயிலில் நாலரை மணி. விமானம் என்றால் ஹாரோவிலிருந்து ஹீத்ரோவுக்கு எஸ்.எல். 9 பஸ் நேரடியாகப் போகிறது. இறங்கும் பக்கமும் லு புர்ஜே, விமான நிலையத்துக்கும் பாரிஸுக்கும் நடுவே ஆர்.இ.ஆர். பி பாதையிலேயே இருக்கிறது. ஐந்தேகால் மணி ஆகும். ரயில் முந்தினாலும் வித்தியாசம் முக்கால் மணிதான். விமான டிக்கெட் நாற்பது பவுண்டு மலிவாகக் கிடைத்து, கைப்பை மட்டும் என்றால் விமானமே எடுக்கலாம்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து, பாரிஸ் புறநகரான வில்பான்ட்டுக்கு. இங்கே விமானம் ஜெயிக்கிறது. ஹீத்ரோ இருபது நிமிடம். அந்தப் பக்கம் விமான நிலையத்திலிருந்து வில்பான்ட் இரண்டு, மூன்று நிறுத்தம். மொத்தம் நாலரை மணி சொச்சம். ரயிலுக்குப் போனால் பிக்காடிலி லைனில் லண்டனைக் குறுக்கே ஒரு மணி கடந்து, பாரிஸிலும் வந்த திசையிலேயே விமான நிலையப் பக்கமாகத் திரும்பிப் போய், ஐந்தேகால் மணி ஆகும். ஓல்னே, செவ்ரான் பக்கம் இருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. நேரடி ஆர்.இ.ஆர். இந்த நிறுத்தங்களில் நிற்காது, எல்லா நிறுத்தத்திலும் நிற்பதைப் பார்த்து ஏறுங்கள்.

இந்த மூன்றாவது பாதைக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1919 ஆகஸ்ட் 25இல் லண்டன்–பாரிஸ் தினசரி விமானச் சேவை முதன்முதலாகத் தொடங்கியபோது, விமானம் கிளம்பியது ஹவுன்ஸ்லோ ஹீத் மைதானத்திலிருந்து. இறங்கியது லு புர்ஜேயில். எடுத்த நேரம் சுமார் இரண்டரை மணி, இன்றைய யூரோஸ்டார் நேரத்தை ஒட்டியே. நூறு வருடத்தில் பறக்கும் நேரம் முக்கால் மணியாகச் சுருங்கியது. சோதனை, வரிசை, நடை எல்லாம் அந்த மிச்சத்தைத் தின்றுவிட்டன.

## யாருக்கு எது

முதியவர்களோடு போகிறவர்கள் ரயிலை எடுங்கள், ஷார்ல் து கோலில் நடக்க வேண்டிய தூரம் அவர்களைச் சோர்த்துவிடும். விமானம்தான் என்றால் சக்கர நாற்காலி உதவி இலவசம், குறைந்தது 48 மணி நேரம் முன்னால் சொல்லிவையுங்கள். கார் து நோரில் இறங்கியதும் பைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், ஜேப்படிக்காரர்களுக்குப் பேர்போன இடம்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்து லண்டன் வழியாகப் பாரிஸ் போகிறவர்கள் ஒரே டிக்கெட்டாக விமானமே எடுப்பது நல்லது. பெட்டி நேராகப் போகும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்துவிட்டு யூரோஸ்டாரைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பில்லை. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஹீத்ரோவில் விமானம் மாறுவதற்கே விசா கேட்கும் விதி உண்டு, சில விலக்குகளோடு. உங்களுக்கு அது பொருந்துமா என்று டிக்கெட் எடுக்குமுன் பாருங்கள். பாரிஸ் மட்டும்தான் போக வேண்டும் என்றால் கொழும்பிலிருந்து நேரடி விமானம் இருக்கும்போது லண்டனைச் சுற்றுவானேன்?

தேர் பார்க்கப் போகிறவர்களுக்கு ரயில். லா சப்பல் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஆகஸ்ட் கடைசியில் வரும். லண்டனில் அப்போது பள்ளி விடுமுறை, வங்கி விடுமுறை வேறு. டிக்கெட்டை மே, ஜூனிலேயே எடுத்துவிடுங்கள். தேர் நாளன்று அந்தத் தெருக்களில் கார் நுழையாது. கார் து நோரிலிருந்து நடந்தே போய்விடலாம்.

துக்க வீட்டுக்கு அன்றைக்கோ மறுநாளோ போயாக வேண்டும் என்றால் விதிகளெல்லாம் மாறும். அந்த நேரத்தில் யூரோஸ்டார் இருநூறு பவுண்டுக்கு மேல் கேட்கும், சில நாள் இடமே இருக்காது. கேட்விக், லூட்டன், ஹீத்ரோ மூன்றிலும் ஷார்ல் து கோலுக்கும் ஓர்லிக்கும் தேடிப் பாருங்கள். கைப்பையோடு போகிற ஒருவருக்கு விமானம் அநேகமாகப் பாதி விலையில் இருக்கும். மூன்று, நான்கு பேர் சேர்ந்து போகிறீர்கள் என்றால் அதையும் பார்க்க வேண்டாம். லெ ஷட்டிலில் அன்றைக்கே இடம் கிடைக்கும், ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேராவது இருக்க வேண்டும். திரும்பும் தேதி தெரியாதபோது போகும் டிக்கெட்டை மட்டும் எடுங்கள். யூரோஸ்டாரில் இப்போதைய விதிப்படி தேதி மாற்றக் கட்டணம் இல்லை, விலை வித்தியாசம் மட்டும் கட்ட வேண்டும். மலிவு விமான டிக்கெட்டை மாற்றுவதைவிடப் புதிதாக ஒன்று எடுப்பது பல நேரம் மலிவு.